சிப்பின் மேல் அச்சான எண்ணைச் சுங்கத்துறையே மறைத்த கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

2008-க்குப் பிறகு சில ஆண்டுகள், அமெரிக்காவின் சிப் தயாரிப்பாளர்களுக்கு அந்நாட்டுச் சுங்கத்துறையிலிருந்து விசித்திரமான புகைப்படங்கள் வந்துகொண்டிருந்தன. துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ சந்தேகத்தில் நிறுத்திய சிப் ஒன்றின் மேற்பரப்பை அதிகாரி படமெடுத்திருப்பார். இது உங்கள் சரக்கா, போலியா என்று கேட்டிருப்பார். படத்தில் நிறுவனத்தின் சின்னம் தெரியும், மாடல் எண் தெரியும். மற்ற எண்களின் மேல் கறுப்புக் கட்டம் போட்டிருக்கும்.

சிப் தொழிலைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு அபத்தம் என்று உடனே புரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு சிப்பின் முதுகில் பொதுவாக நான்கைந்து விஷயங்கள் அச்சாகியிருக்கும்: சின்னம், மாடல் எண், எந்த ஆண்டின் எத்தனையாவது வாரத்தில் தயாரானது என்ற தேதிக் குறியீடு, ஒரே தொகுதியாகச் செய்த சிப்களுக்குப் போடும் லாட் நம்பர், சில சமயம் தயாரான நாடு. சின்னத்தையும் மாடல் எண்ணையும் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். இந்தத் தேதியில், இந்த லாட்டில், இந்தத் தொழிற்சாலையில் இந்த மாடலைச் செய்தோமா என்பது தயாரிப்பாளரின் சொந்தப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. எண்ணைக் கொடுத்தால் பல நேரங்களில் கணினியில் தேடிப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம். அந்த எண்ணைத்தான் மறைத்து அனுப்பினார்கள்.

அதற்கு முன் அப்படி இல்லை. அதிகாரிகள் படத்தை அப்படியே அனுப்பினார்கள், கம்பெனிக்காரர்கள் சரிபார்த்துச் சொன்னார்கள். 2008-இல் நடைமுறை மாறியது. அதிகாரிகளின் கழுத்துக்கு மேல் தொங்கிய ஒரு சட்டம்தான் காரணம்.

அது அமெரிக்கக் குற்றவியல் சட்டத் தொகுப்பின் 1905-ஆம் பிரிவு, அதாவது வணிக ரகசியச் சட்டம். அரசு ஊழியர் ஒருவர் பணியின்போது தனக்குத் தெரியவரும் தனியார் வணிகத் தகவலைச் சட்ட அனுமதி இல்லாமல் வெளியே சொன்னால் அபராதம் உண்டு, ஓராண்டு வரை சிறை உண்டு, வேலையும் போகும். ஒரு லாட் நம்பர் எப்படி ரகசியமாகும் என்று கேட்கலாம். அந்த எண்ணை வைத்து, சரக்கு முதலில் எந்த விநியோகஸ்தருக்குப் போனது, அவரிடமிருந்து யாருக்கு நழுவியது என்று தயாரிப்பாளரால் பின்னோக்கிப் போக முடியும். சரக்கு உண்மையானதாக இருந்துவிட்டால், இறக்குமதியாளர் எங்கே வாங்குகிறார் என்ற அவருடைய தொழில் ரகசியத்தை அரசாங்கமே எடுத்துக் கொடுத்ததாக ஆகிவிடும். சுங்கத்துறை சட்ட அலுவலர்களின் பயம் இதுதான். அந்தப் பயத்தை வெறும் அதிகாரிகளின் பிடிவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பின்னால் அந்த இடத்துக்கு வருகிறேன்.

போலி எங்கே பிறக்கிறது

இந்த விவகாரத்தில் போலி என்பது புதிதாக வார்த்தெடுத்த மட்டமான சிப் இல்லை. பெரும்பாலும் அது பழைய, உண்மையான சிப். பணக்கார நாடுகள் தூக்கியெறியும் கணினிகளும் மின்னணுப் பலகைகளும் ஹாங்காங் வழியாகத் தென்சீனாவின் குவாங்டாங் மாகாணத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே சான்டோ வட்டாரத்தில் உள்ள குய்யூ அப்போது மின்கழிவுக்கே பெயர்போன ஊர். பலகைகளை நெருப்பில் காட்டி ஈயத்தை இளக்கிச் சிப்களைக் கழற்றுவார்கள். ஆற்றில் அலசுவார்கள், வெயிலில் உலர்த்துவார்கள், வடிவம் பார்த்துப் பிரிப்பார்கள். பிறகு முதுகில் இருக்கும் பழைய அச்சைத் தேய்த்து எடுத்து, மேலே ஒரு கறுப்புப் பூச்சுப் பூசி, புதிய எண்ணை லேசரில் பொறிப்பார்கள். கால்களுக்கு ஈயம் பூசிப் பளபளப்பாக்கினால் புத்தம் புதிய சிப் தயார். தேதிக் குறியீடு மாறும். சில நேரம் தரமே மாறும்: சாதாரணக் கடைச் சரக்கு, கடும் வெப்பமும் குளிரும் தாங்கும் ராணுவத் தரச் சரக்கு என்று பெயர் மாறும்.

இதை யார் வாங்குகிறார்கள்? இங்கேதான் விஷயம் சங்கடமாகிறது. ஒரு போர் விமானமோ ஹெலிகாப்டரோ 30, 40 ஆண்டுகள் ஓடும். அதற்குள் இருக்கும் சிப்பைத் தயாரிப்பாளர் சில ஆண்டுகளிலேயே நிறுத்திவிடுவார். அப்புறம் உதிரிக்கு எங்கே போவது? தரகர்களிடம்தான். அவர்கள் இணையத்தில் தேடி எங்கிருந்தோ வாங்கிக் கொடுப்பார்கள். தயாரிப்பு நின்றுபோன, கிடைப்பதற்கு அரிதான பாகத்துக்கு விலையும் ஏறும். போலிக்காரனுக்கு இதைவிடத் தோதான சந்தை கிடைக்காது.

புளோரிடாவில் இருந்த விஷன்டெக் காம்போனன்ட்ஸ் அப்படி ஒரு தரகு நிறுவனம். சீனாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் சிப்களை இறக்கி, ராணுவத் தரம் என்று சொல்லி விற்றது. வாங்கியவர்களில் அமெரிக்கக் கடற்படையும் பாதுகாப்பு ஒப்பந்ததாரர்களும் உண்டு. 2010 செப்டம்பரில் உரிமையாளர் மீதும் நிர்வாகி மீதும் குற்றப்பத்திரிகை தாக்கலானது. விசாரணை முடியும் முன்பே உரிமையாளர் 2011-இல் இறந்துவிட்டார். நிர்வாகிக்கு அந்த ஆண்டு அக்டோபரில் 38 மாதச் சிறை. வழக்கில் வெளிவந்தவற்றில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஒன்று: அந்த நிறுவனத்துக்கு வந்த சரக்குகளைச் சுங்கத்துறை சுமார் 35 முறை பிடித்திருந்தது. வியாபாரமோ அதற்குப் பிறகும் நடந்தது. 35 முறை பிடிபட்டவை போக, பிடிபடாமல் போனவை எத்தனையோ மடங்கு. அதிகாரி ஒவ்வொரு பார்சலாகப் பிடித்துக்கொண்டிருந்தார். இதே பெயருக்கு, இதே வழியில், இதே வகை எண்களோடு சரக்கு தொடர்ந்து வருகிறது என்ற முழுச் சித்திரம் உரிய காலத்தில் யார் மேசையிலும் விரியவில்லை.

செனட் குழு கண்டது

செனட்டின் ராணுவச் சேவைக் குழு இதைக் கையில் எடுத்தது. தலைவர் கார்ல் லெவின், எதிர்க்கட்சித் தரப்பில் ஜான் மெக்கெயின். இருவரும் ஒரே குரலில் பேசியது அந்தக் காலத்திலேயே அபூர்வம். 2011 நவம்பர் 8 அன்று பொது விசாரணை நடந்தது, 2012 மே 21 அன்று அறிக்கை வெளியானது. 2009, 2010 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ராணுவ விநியோகச் சங்கிலியில் சுமார் 1,800 சந்தேக நிகழ்வுகள். அவற்றில் அடங்கிய பாகங்கள் 10 லட்சத்துக்கும் மேல். தடம் பிடித்துப் போய்ப் பார்த்த நிகழ்வுகளில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவை சீனாவில் போய் நின்றன. குழுவின் அலுவலர்கள் நேரில் பார்க்கப் போகலாம் என்றால் சீனா விசா தரவில்லை.

எண்ணிக்கையைவிடச் சில உதாரணங்கள் உறைக்கும். எஸ்.எச்-60பி என்ற கடற்படை ஹெலிகாப்டரில் இரவில் இலக்கைப் பார்க்க உதவும் அகச்சிவப்புக் கருவியின் ஒரு பாகத்தில் போலி நுழைந்திருந்தது. பி-8ஏ என்ற கடல் ரோந்து விமானத்தில், இறக்கையில் பனி உறைவதை உணர்த்தும் கருவியில் பழைய பாகம் புதிய வேஷத்தில் இருந்தது. சி-130ஜே, சி-27ஜே சரக்கு விமானங்களில் விமானியின் கண்முன் இருக்கும் திரைகளுக்குள் போலி நினைவகச் சிப்கள். அவை பழுதானால் படம் மங்கலாம், தகவல் தொலையலாம், திரையே அணைந்துபோகலாம்.

அறிக்கையின் இன்னொரு கண்டுபிடிப்பை அதிகம் பேர் பேசுவதில்லை. ஒப்பந்ததாரர்கள் போலியைக் கண்டுபிடித்த பல நேரங்களில் பாதுகாப்புத் துறைக்கோ புலனாய்வு அமைப்புகளுக்கோ சொல்லவே இல்லை. பெரும்பாலான நிகழ்வுகள் அப்படியே அமுங்கிப் போயின. ஆக, தகவலை மறைத்தது சுங்கத்துறை மட்டும் இல்லை. தொழில்துறை அதன் பங்குக்குத் தன் வீட்டுக்குள்ளேயே மறைத்தது. சுங்கத்துறையாவது ஒரு சட்டத்தைக் காரணம் காட்டியது. இவர்களுக்கு அதுவும் கிடையாது. வாடிக்கையாளர் முன் பேர் கெட்டுவிடுமே என்ற எண்ணம்தான்.

பதினாறு சிப்கள்

இதே நேரத்தில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்பேற்பு அலுவலகம் ஒரு வேலை செய்தது. இந்த ஆய்வு முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். ஒரு கற்பனை நிறுவனத்தை உருவாக்கி, இணையத்தில் ராணுவத் தரப் பாகங்களை வாங்கும் தளங்களில் உறுப்பினராகி, விலை கேட்டார்கள். 396 விற்பனையாளர்கள் பதில் போட்டார்கள். அதில் 334 பேர் சீனாவில் இருந்தவர்கள். கடைசியில் 16 பாகங்களை வாங்கினார்கள். பதினாறும் சீன விற்பனையாளர்களிடமிருந்தே வந்தன. பதினாறும் சந்தேகத்துக்குரிய போலி. 2012 பிப்ரவரியில் அறிக்கை வந்தது.

வாங்கிய விதம்தான் முக்கியம். 7 பாகங்கள், தயாரிப்பு நின்றுபோன உண்மையான மாடல்கள். 5 பாகங்களுக்கு மாடல் எண் உண்மை, ஆனால் தயாரிப்பு நின்ற தேதிக்குப் பிந்திய தேதிக் குறியீட்டோடு வேண்டும் என்று கேட்டார்கள். கிடைத்தது. மீதி 4 பாகங்களுக்கு, உலகத்தில் எவரும் தயாரிக்காத, இவர்களாகவே கற்பனை செய்த மாடல் எண்ணைக் கேட்டார்கள். அதுவும் கிடைத்தது! இல்லாத பொருளை அச்சடித்து அனுப்பிவிட்டார்கள்.

இந்தப் பதினாறில் முதல் பன்னிரண்டை ஆய்வகத்தில் சோதித்தார்கள், சரி. ஆனால் கடைசி ஒன்பதுக்கு உண்மையில் ஆய்வகமே தேவையில்லை. எக்ஸ்ரே வேண்டாம், அசிட்டோனில் தேய்த்துப் பூச்சு கரைகிறதா என்று பார்க்க வேண்டாம், அமிலத்தில் உறையைக் கரைத்து உள்ளே இருக்கும் சில்லைப் பார்க்கவும் வேண்டாம். தயாரிப்பாளரின் அலுவலகத்தில் ஒருவர் மேற்பரப்பு எண்களைப் படித்தால் போதும்: "இந்த வாரத்தில் நாங்கள் இதைச் செய்யவில்லை", "இப்படி ஒரு மாடலே எங்களிடம் இல்லை". அந்த ஐந்தில் தேதிக் குறியீடுதான் சாட்சி. சுங்கத்துறையின் கறுப்புக் கட்டம் மூடியதும் அந்தக் குறியீட்டைத்தான். தணிக்கை அலுவலகம் சுங்கக் கொள்கையைச் சோதிக்க இதைச் செய்யவில்லை. ஆனாலும் அந்தக் கொள்கையின் விலை என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான செயல்முறை விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

முன்னா, பின்னா?

இங்கே ஒரு பொதுவான தவறான எண்ணத்தை ஒதுக்கிவிட வேண்டும். சுங்கத்துறை எதையுமே சொல்ல மறுத்தது என்பது சரியில்லை. சரக்கு போலி என்று முடிவுசெய்து பறிமுதல் செய்த பிறகு, வணிகச் சின்ன உரிமையாளருக்கு இறக்குமதியாளர், ஏற்றுமதியாளர், தயாரித்தவர் ஆகியோரின் பெயரையும் முகவரியையும் தரும் விதி ஏற்கெனவே இருந்தது. பறிமுதல் அறிவிப்பிலிருந்து 30 வேலை நாள்களுக்குள் தர வேண்டும். மாதிரியும் கேட்டு வாங்கலாம். சிக்கல் வரிசையில் இருந்தது. போலிதான் என்று முடிவுசெய்வதற்கு எந்தத் தகவல் தேவையோ, அந்தத் தகவலைப் பகிரும் உரிமை முடிவுசெய்த பிறகுதான் பிறந்தது.

கைப்பைக்கும் காலணிக்கும் இது பெரிய இடைஞ்சல் இல்லை. தையலையும் தோலையும் பெட்டியையும் பார்த்துப் பயிற்சி பெற்ற அதிகாரியே ஓரளவு சொல்லிவிடுவார். சிப்பில் அதிகாரிக்கு ஒன்றும் தெரியாது. தெரிய வழியும் இல்லை. நகத்தளவு கறுப்புச் சதுரம், எட்டுக் கால்கள், விலைப்பட்டியலில் மின்னணுப் பாகம் என்று ஒரு வரி.

அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தமும் கிட்டத்தட்ட இதே வரிசையைத்தான் மனத்தில் வைத்திருக்கிறது. அதன் 57-ஆம் விதி, போலி என்ற தீர்மானம் ஏற்பட்டபின் அனுப்பியவர், இறக்குமதியாளர், பெறுபவர் பெயர்களை உரிமையாளருக்குச் சொல்ல உறுப்பு நாடுகள் அதிகாரம் அளிக்கலாம் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போனது. அதன் 2013-ஆம் ஆண்டின் 608-ஆம் ஒழுங்குமுறைப்படி, சரக்கை நிறுத்திவைத்த நிலையிலேயே உரிமையாளர் கேட்டால் பெயர்களைத் தருவார்கள். ஆனால் அந்தத் தகவலை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. அதைத் தாண்டக் கூடாது. எப்போது சொல்லலாம் என்பதில் அமெரிக்கா வேலி போட்டது. சொன்னதை வைத்து என்ன செய்யலாம் என்பதில் ஐரோப்பா வேலி போட்டது. இரண்டில் எது மேல் என்று கேட்டால், நான் ஐரோப்பிய வேலியைத்தான் சொல்வேன். காலத்தில் போடும் வேலி குற்றவாளிக்கும் சேர்த்துக் காவல் நிற்கிறது.

இறக்குமதியாளரின் நியாயம்

முன்பு வருகிறேன் என்று சொன்ன இடம் இதுதான். போலி என்ற சொல்லைக் கேட்டதும் எல்லா இறக்குமதியாளரையும் கள்ளனாக நினைத்துவிடுகிறோம். இணை இறக்குமதி என்று ஒன்று இருக்கிறது. சரக்கு உண்மையானது, தயாரிப்பாளரே செய்து விற்றது. ஆனால் அவர் விரும்பிய நாட்டுக்கு, அவர் விரும்பிய விலையில் போகாமல், மலிவாக விற்கும் நாட்டில் வாங்கி வேறொருவர் இங்கே கொண்டுவருகிறார். அமெரிக்காவில் இதில் பெரும்பகுதி சட்டப்படி சரி. கே-மார்ட் எதிர் கார்ட்டியே வழக்கில் 1988-இல் உச்ச நீதிமன்றம், வெளிநாட்டிலும் உள்நாட்டிலும் சின்னத்தின் உரிமை ஒரே கையில் இருந்தால் அத்தகைய இறக்குமதியை அனுமதிக்கும் சுங்க விதியை ஏற்றுக்கொண்டது.

தயாரிப்பாளர்களுக்கு இந்த வியாபாரிகளைக் கண்டால் ஆகாது. லாட் நம்பர் கைக்குக் கிடைத்தால், எந்த விநியோகஸ்தர் சரக்கைக் கசியவிட்டார் என்று தெரிந்துகொண்டு அவருக்கு அடுத்த மாதம் சரக்கை நிறுத்திவிடலாம். போலி ஒழிப்பு என்ற பெயரில் போட்டி ஒழிப்பு. அதோடு இன்னொரு கேள்வி: உண்மையா போலியா என்று சொல்லும் நிபுணர் யார்? அந்தச் சரக்கு சந்தைக்கு வந்தால் நஷ்டப்படும் அதே கம்பெனி. நீதிமன்றத்தில் இப்படி ஒரு நிபுணரைக் கொண்டுவந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடுவாரா? இறக்குமதியாளர்கள் தரப்பு இதையெல்லாம் எடுத்துச் சொன்னபோது அதில் நியாயம் இருந்தது.

ஆகவே 2011 கடைசியில் சட்டம் இயற்றியவர்களுக்கு முன்னால் இருந்தது இரண்டு நியாயங்கள். அந்த ஆண்டு மார்ச்சிலேயே வெள்ளை மாளிகையின் அறிவுசார் சொத்து ஒருங்கிணைப்பாளர் அலுவலகம், பறிமுதலுக்கு முன்பே தகவலைப் பகிர அதிகாரம் வேண்டும் என்று நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரைத்திருந்தது. நவம்பர் விசாரணை அதற்கு வேகம் கொடுத்தது. டிசம்பர் 31 அன்று கையெழுத்தான 2012 நிதியாண்டின் தேசியப் பாதுகாப்பு அனுமதிச் சட்டத்தில் 818-ஆம் பிரிவு வந்தது. ஒப்பந்ததாரர்களுக்கான கடமைகள், போலி ராணுவப் பொருள் கடத்தலுக்கு 20 ஆண்டு வரை சிறை, இப்படிப் பல அதில் உண்டு. நமக்கு வேண்டியது ஒரு துணைப்பிரிவு: சரக்கின் மேலும் உறையின் மேலும் உள்ள தகவலையும், மறைக்காத மாதிரிகளையும் படங்களையும், தடைசெய்யப்பட்ட சரக்கா என்று தீர்மானிப்பதற்காக, சின்ன உரிமையாளரிடம் பகிரலாம்.

பகிரலாம். பகிர வேண்டும் என்று இல்லை. இதை நினைவில் வையுங்கள்.

ஏழு நாள்

2012 ஏப்ரல் 24 அன்று சுங்கத்துறை இடைக்கால விதியை வெளியிட்டது. அன்றே அமலுக்கும் வந்தது. அதில் இரண்டு நியாயங்களையும் ஒரு தாழ்வாரத்தில் உட்காரவைக்கும் முயற்சி தெரிகிறது. சந்தேகத்தில் சரக்கை நிறுத்தினால் முதலில் இறக்குமதியாளருக்கு அறிவிப்பு போகும். ஏழு வேலை நாள்களுக்குள், சரக்கில் உள்ள சின்னம் போலியில்லை என்று அவர் சுங்கத்துறையைத் திருப்திப்படுத்தலாம். அப்படிச் செய்துவிட்டால் சரக்கு போகும், தகவல் வெளியே போகாது. செய்யாவிட்டால், லாட் நம்பரோடு முழுப் படமும் உரிமையாளருக்குப் போகலாம். மறைத்த படங்களை இடையில் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம். முழு மாதிரி வேண்டுமென்றால் உரிமையாளர் பிணைப்பத்திரம் எழுதித் தர வேண்டும்.

இதன் அழகு, யார் தகவல் தர வேண்டும் என்ற சுமையை இடம் மாற்றியதில் இருக்கிறது. நேர்மையான இணை இறக்குமதியாளரிடம் ரசீது இருக்கும், வாங்கிய சங்கிலி இருக்கும். அதைச் சுங்கத்துறையிடம் மட்டும் காட்டினால் போதும், போட்டிக்காரருக்குத் தெரியாது. எங்கிருந்து வந்தது என்றே தெரியாத, தெரிந்துகொள்ள விரும்பாத தரகருக்குத்தான் ஏழு நாள் நெருக்கும். ராணுவச் சங்கிலிக்குள் போலியைக் கொண்டுவந்தவர்களில் பலர் இந்த வகை.

குறை இல்லாமல் இல்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். சரக்கைச் சோதனைக்கு வைத்த நாளிலிருந்து விடுவதா நிறுத்துவதா என்று முடிவுசெய்ய 5 வேலை நாள். நிறுத்தும் முடிவை இறக்குமதியாளருக்குத் தெரிவிக்க இன்னொரு 5 வேலை நாள். அவர் பதில் சொல்ல 7 வேலை நாள். எல்லாம் முழுசாக எடுத்துக்கொண்டால் 17 வேலை நாள், அதாவது காலண்டரில் மூன்று வாரத்துக்கும் மேல். நிறுத்திவைக்கும் காலமோ மொத்தம் 30 நாள். உரிமையாளருக்கு மிஞ்சுவது சுமார் ஒரு வாரம். எண்ணைப் பார்த்தே பதில் சொல்ல முடிந்த சிப் தயாரிப்பாளருக்கு அது தாராளம். சரக்கைப் பிரித்துச் சோதித்தால்தான் தெரியும் என்ற தொழில்களுக்கு இழுபறிதான். விதியை எழுதியவர்களின் மனத்தில் சிப்தான் இருந்தது என்பதற்கு இதுவும் ஒரு அடையாளம். ஆனால் விதி எல்லா வணிகச் சின்னங்களுக்கும் பொருந்தும்.

2015 செப்டம்பரில் இறுதி விதி வெளியாகி அக்டோபர் 19 முதல் அமலானது. ஏழு நாள் ஏற்பாடு தொடர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் வழக்குகளும் வந்தன. அணு நீர்மூழ்கிகளுக்குப் போகும் போலிச் சிப்களைச் சீனாவிலிருந்து இறக்கிய மாசசூசெட்ஸ்காரர் ஒருவருக்கு 2015 அக்டோபரில் 37 மாதச் சிறை விதித்தார்கள். மின்னணுப் பொருள்களுக்கென்றே லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சிறப்பு மையத்தைச் சுங்கத்துறை 2011-லேயே தொடங்கியிருந்தது. ஒவ்வொரு துறைமுகமும் தனித்தனியாகத் தலையைச் சொறிவதற்குப் பதிலாக, அந்தத் தொழில் தெரிந்தவர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து எல்லாத் துறைமுகத்துச் சரக்கையும் பார்ப்பது. விஷன்டெக்கின் 35 பறிமுதல்களைப் படித்தபோது, இந்த மையம் நான்கைந்து ஆண்டுகள் முன்னால் வந்திருந்தால் என்று தோன்றியது.

ஒரே சட்டத்தில் இரண்டு கதவு

2016 பிப்ரவரி 24 அன்று ஒபாமா கையெழுத்திட்ட வர்த்தக வசதி மற்றும் வர்த்தக அமலாக்கச் சட்டத்தின் 302-ஆம் பிரிவு, அந்தப் பகிரலாம் என்பதை மாற்றியது. உரிமையாளர் பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும் என்று சுங்கத்துறை கருதினால், சரக்கின் மேலுள்ள தகவலையும் மறைக்காத படங்களையும் கொடுத்தாக வேண்டும். மாதிரி மட்டும் கொடுக்கலாம் என்ற நிலையிலேயே நின்றது. நடந்துகொண்டிருக்கும் புலனாய்வுக்கோ தேசப் பாதுகாப்புக்கோ கேடு வருமென்றால் விலக்கு உண்டு. வணிகச் சின்னத்தோடு பதிப்புரிமையும் சேர்ந்தது. சிப் தொழில் எட்டு ஆண்டுகளாகக் கேட்டது கையில் வந்தது.

அதே சட்டத்தின் 901-ஆம் பிரிவைப் பற்றி அப்போது இந்த அளவு யாரும் கவலைப்படவில்லை. சுங்கத் தீர்வையும் முறையான அறிக்கையும் இல்லாமல் ஒருவர் ஒரு நாளில் இறக்கக்கூடிய சரக்கின் மதிப்பை அது 200 டாலரிலிருந்து 800 டாலராக உயர்த்தியது. சிறு பார்சல்கள் பெருகின. 2015-இல் ஏறத்தாழ 14 கோடியாக இருந்தவை 2023-இல் 100 கோடியைத் தாண்டின. இவற்றோடு வரும் தகவல் மிகக் குறைவு. பெறுநர் பெயர், ஒரு வரி விவரம், ஒரு மதிப்பு.

தணிக்கை அலுவலகம் மறுபடியும் தன் பழைய உத்தியைக் கையிலெடுத்தது. பிரபலமான இணையச் சந்தைகளில் வெளி விற்பனையாளர்களிடம் 47 பொருள்களை வாங்கி, 2018 ஜனவரியில் முடிவைச் சொன்னது. 20 போலி. காலணிகள் 15, அத்தனையும் உண்மை. அழகுசாதனப் பொருள்கள் 13, அத்தனையும் போலி. 9 குவளைகளில் 6 போலி, 10 செல்போன் சார்ஜர்களில் ஒன்று போலி. காலணியைப் பார்த்து நிம்மதியடைபவர்கள் முகத்தில் பூசுவதைப் பார்த்துக் கொஞ்சம் கலங்கலாம்.

ஏழு நாள் ஏற்பாட்டை இந்தப் பார்சல்களுக்குப் பொருத்திப் பாருங்கள். இறக்குமதியாளர் யார்? இணையத்தில் ஒரு டப்பா வாங்கிய தனிமனிதர். அவருக்கு ரசீது என்றால் தொலைபேசித் திரையில் வந்த ஒரு படம். சங்கிலியை அவர் எங்கே போய்க் காட்டுவார்? மதிப்பு 20 டாலர் என்றால் பதில் எழுதவும் மாட்டார், போனால் போகட்டும் என்று விட்டுவிடுவார். உரிமையாளரிடம் லாட் நம்பரோடு படத்தை அனுப்பினால், ஆம் போலி என்று பதில் வரும். ஆனால் விற்றவர் யார் என்பது பார்சலின் மேல் இல்லை. அது இணையச் சந்தையின் கணினியில் இருக்கிறது. 2018 அறிக்கையின் பரிந்துரைகளும் அந்தப் பக்கம்தான் திரும்பின: தனியார் துறையோடு தகவல் பகிர்வதை எப்படி வலுப்படுத்துவது என்று பாருங்கள் என்று சுங்கத்துறைக்குச் சொன்னது.

800 டாலர் விலக்கு சீனச் சரக்குக்கு 2025 மே 2 முதலும், மற்ற நாடுகளுக்கு ஆகஸ்ட் 29 முதலும் நிறுத்தப்பட்டது. பார்சல்களுக்கும் இனித் தீர்வை உண்டு, அதனால் விவரமும் கூடுதலாக வரும். அந்த விவரத்தில் எவ்வளவு, யாரிடம், பொருள் கிடங்கில் கிடக்கும்போதா வாங்கியவர் வீட்டுக்குப் போனபிறகா சொல்லப்படும் என்ற பழைய கேள்வியை, இந்த முறை சிப் தொழிலைப் போல வாயும் வசதியும் உள்ள ஒரு தரப்பு வந்து கேட்பதாக இல்லை. முகப்பூச்சு வாங்கியவர்களுக்குச் சங்கம் கிடையாது.